வலீட்ஸ்கியோடு ஏழு நாள்

ஏப்ரல் 27, வார்சா

விமான நிலையத்துக்கு அக்கா மகன் கார்த்தி வந்திருந்தான். இங்கே ஒரு மென்பொருள் கம்பெனியில் அவனுக்கு இது மூன்றாவது வருடம். பேருந்தில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் கேட்டுவிட்டான்.

“மாமா, ரிட்டயர் ஆனவங்க காசி போவாங்க. வசதி இருந்தா சுவிஸ் போவாங்க. செத்துப்போன ஒரு புரொபசருக்காக வார்சா வந்த ஆளை நான் பாத்ததில்ல.”

நியாயமான கேள்விதான். அக்காவும் இதையே கொஞ்சம் காரமாகக் கேட்டிருந்தாள்.

அந்தப் பேராசிரியர் ஆந்த்ஜெய் வலீட்ஸ்கி. 1930இல் இந்த ஊரில் பிறந்து 2020இல் இந்த ஊரிலேயே இறந்தவர். எங்கள் தலைமுறைக்கு ரஷ்ய நாவல் எப்படி வந்து சேர்ந்தது என்று தெரிந்திருக்கும்: என்.சி.பி.எச். (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) புத்தகக் கண்காட்சி, கெட்டி அட்டை, சொற்ப விலை. அந்த நாவல்களில் வருகிறவர்கள் சமோவாரைச் சுற்றி உட்கார்ந்து பக்கம் பக்கமாக வாதாடுவார்கள். ரஷ்யா ஐரோப்பாவின் வழியில் போவதா, தன் கிராமச் சமூகத்தையும் திருச்சபையையும் நம்பித் தனி வழியில் போவதா? எனக்குக் காதல் கதையைவிட அந்த வாய்ச்சண்டை பிடித்துப்போனது. அது எங்கிருந்து வந்தது என்று பாளையங்கோட்டையில் கல்லூரி நூலகத்தைக் குடைந்தபோது கையில் கிடைத்தது ஆங்கிலத்தில் ஒரு ரஷ்யச் சிந்தனை வரலாறு. 1979இல் வெளிவந்தது. எழுதியவர் போலந்துக்காரர்.

அங்கேதான் உறுத்தல் ஆரம்பம். ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் 1772, 1793, 1795 என்று மூன்று தவணையில் போலந்தைப் பங்கு போட்டு முடித்தவை. அதன்பின் 123 ஆண்டுகள் அப்படி ஒரு நாடே வரைபடத்தில் இல்லை. அந்த நாட்டுக்காரர், தனி வழிதான் என்று வாதாடிய ரஷ்ய ஸ்லாவ் பற்றாளர்களைப் பற்றி எழுதும்போது குரலில் ஒரு கசப்பும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரின் பிடிவாதத்தை விளக்குகிறவர்போல விளக்குகிறார். அவரையே தொடர்ந்து படித்தேன். ரஷ்யாவை எழுதிய அதே கையால் தன் நாட்டின் அரசியல் சிந்தனையையும் எழுதியிருக்கிறார் என்று தெரிந்தது. முப்பது வருடம் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சியை நடத்தியவனுக்கு, அதே நேரத்தில் போலந்தில் ஓர் அரசியலமைப்புச் சட்டம் வந்தது அதுவரை தெரியாது.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது. கார்த்தி பெட்டியை எடுத்துக்கொண்டே, “சரி மாமா, சிலை எங்க இருக்குன்னு சொல்லுங்க, போட்டோ எடுத்துருவோம்” என்றான். சிலை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஏப்ரல் 28, வார்சா

பல்கலைக்கழக நூலகத்தில் ஆரம்பித்தோம். 1999இல் திறந்த கட்டடம். தெருப்பக்கச் சுவரில் பச்சையேறிய செம்புத் தகடுகள் புத்தகப் பக்கங்கள்போல நிற்கின்றன: கிரேக்கம், ஹீப்ரு, அரபு, பழைய போலிஷ் என்று ஒவ்வொன்றும் ஓர் எழுத்து. சமஸ்கிருதமும் இருக்கிறது. “நம்மளது இல்லையே மாமா” என்றான் கார்த்தி. சுவரில் இல்லாவிட்டாலும் இதே பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லித் தருகிறார்கள் என்றதும் சமாதானமானான்.

உள்ளே நான்கு உயரமான தூண்களின் உச்சியில் நான்கு சிலைகள். த்வார்தோவ்ஸ்கி, வுகாசியேவிச், தார்ஸ்கி, லெஷ்னியெவ்ஸ்கி. எல்லோரும் ல்வூவ்–வார்சா பள்ளியின் தத்துவ, தர்க்க அறிஞர்கள். தர்க்கத்தைத் தூணில் ஏற்றி வைத்திருக்கும் ஊர். வலீட்ஸ்கியும் நண்பர்களும் செய்தது வேறு வேலை. ஒரு கருத்து சரியா தப்பா என்று கேட்பதற்கு முன்னால், இந்தக் கருத்து ஒரு மனிதனுக்கு அந்தக் காலத்தில், அந்த இடத்தில் ஏன் தேவைப்பட்டது என்று கேட்டார்கள். லெஷெக் கொவகோவ்ஸ்கி, ப்ரோனிஸ்வாவ் பாச்கோ, யெஜி ஷாட்ஸ்கி, வலீட்ஸ்கி: இந்த நால்வரையும் சேர்த்துப் பின்னாளில் ‘வார்சா கருத்து வரலாற்றுப் பள்ளி’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பலகை மாட்டிய பள்ளியெல்லாம் இல்லை. 1956இல் ஸ்டாலின் காலத்துக் கெடுபிடி தளர்ந்தபின் கிடைத்த கொஞ்சம் காற்றில் ஒன்றாக மூச்சு விட்டவர்கள்.

மதியத்துக்கு மேல் ஸ்டாஷிட்ஸ் மாளிகை. வாசலில் கோப்பர்நிகஸ் உட்கார்ந்திருக்கிறார், 1830இல் வைத்தது. உள்ளே அறிவியல் கழகத்தின் தத்துவ, சமூகவியல் நிறுவனம். வலீட்ஸ்கி 1981 வரை வேலை பார்த்த இடம். நாங்கள் தாழ்வாரம் வரைதான் போனோம். ஆனால் இந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு பாடமே நடத்தலாம்.

இந்த இடத்தில் முன்பு ஒரு சிறிய கல்லறைக் கோயில் இருந்தது. போலந்திடம் பிடிபட்டு 1612இல் காவலிலேயே இறந்த ரஷ்ய ஜார் வசீலி ஷூய்ஸ்கியைப் பின்னர் கொண்டுவந்து வைத்தது அங்கேதான். அப்போது போலந்தின் கை ஓங்கியிருந்தது. 1820களில் ஸ்டானிஸ்வாவ் ஸ்டாஷிட்ஸ் தன் சொந்தப் பணத்தில் இந்த மாளிகையைக் கட்டி அறிஞர் சங்கத்துக்குக் கொடுத்தார். அவர் நகரவாசிக் குடும்பத்தில் பிறந்த பாதிரியார், அரசியல் சிந்தனையாளர். நாடு என்றால் பிரபுக்கள் மட்டுமல்ல என்று 1790லேயே எழுதியவர். ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1830 நவம்பர் எழுச்சி தோற்றதும் ஜார் அரசு சங்கத்தைக் கலைத்தது. 1890களில் கட்டடத்தின் முகப்பையே மாற்றிப் பைசாந்திய பாணிக்குக் கொண்டுபோய், உள்ளே ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கோயிலையும் வைத்தார்கள். சுதந்திரம் வந்ததும் போலந்து அதைச் சுரண்டியெடுத்துப் பழைய முகத்தைத் திரும்ப ஒட்டியது. 1944இல் ஜெர்மானியர்கள் நொறுக்கினார்கள். போர் முடிந்து கம்யூனிஸ்ட் அரசு மறுபடி கட்டியது. இப்படி முகம் மாறி மாறி வந்த ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து ஒருவர் ரஷ்யாவைப் பற்றிப் பகையில்லாமல் எழுதினார் என்றால் அதைச் சும்மா தாண்டிப்போக முடியவில்லை.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் கவிஞர் மித்ஸ்கியேவிச் சிலை. 1898இல் ரஷ்ய ஆட்சியின்போதே வைத்தது. திறப்பு விழாவில் பேச்சே இல்லை, மௌனமாகத் திரையை விலக்கினார்கள். 1968 ஜனவரியில் அவருடைய நாடகம் ஒன்றை அரசு மேடையிலிருந்து இறக்கியது; கடைசிக் காட்சி முடிந்து மாணவர்கள் கோஷம் போட்டு நடந்து வந்தது இந்தச் சிலைக்குத்தான். மார்ச்சில் பல்கலைக்கழகம் கொதித்தது. யூத எதிர்ப்புப் பிரசாரத்தை ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியே அவிழ்த்துவிட்டது. மார்ச் 25இல் கொவகோவ்ஸ்கி, பாச்கோ உட்பட ஆறு பேரை வேலைநீக்கம் செய்தார்கள். ஒருவர் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் இன்னொருவர் ஜெனீவாவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். வலீட்ஸ்கி பல்கலைக்கழகத்தில் இல்லை, கழகத்தில் இருந்தார், தப்பினார். கட்சியில் சேர்ந்தவரும் இல்லை, தெருவில் இறங்கியவரும் இல்லை. கூட்டாளிகள் போய்விட்ட ஊரில் இன்னும் பதின்மூன்று வருடம் மேசையில் உட்கார்ந்து எழுதினார்.

அது கோழைத்தனமா? கார்த்தி நேரடியாகவே கேட்டான். நெருக்கடி நிலைக் காலத்தில் வகுப்பில் நான் என்ன பேசினேன், என்ன பேசாமல் விட்டேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. பதில் சொல்லாமல் நடந்தேன்.

ஏப்ரல் 29, வார்சா

அரச கோட்டை. 1944இல் வெடி வைத்துத் தகர்த்ததை 1971இலிருந்து கட்டி 1984இல் திறந்தார்கள். ஆக நான் பார்த்த ‘பதினெட்டாம் நூற்றாண்டு’ என்னைவிட இளையது. இருந்தாலும் செனட் மண்டபத்தில் நின்றபோது உடம்பு ஒரு நொடி அடங்கியது. 1791 மே 3 சட்டம் நிறைவேறிய இடம்.

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போலந்து அரசியல் சிந்தனைக்கு வேர் இதுதான். இங்கே அரசனைப் பிரபுக்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 1573இலிருந்து மைதானத்தில் ஆயிரக்கணக்கில் குதிரையோடு வந்து. அரசன் சட்டத்தை மீறினால் கீழ்ப்படிய மறுக்கும் உரிமை அவர்களுக்கு எழுத்திலேயே இருந்தது. முதலில் தேர்வான பிரெஞ்சு இளவரசர் ஆன்ரி, அண்ணன் இறந்து பாரிஸில் அரியணை காலியானதும் 1574இல் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனார். தேர்ந்தெடுத்த அரசனே தப்பி ஓடுகிற குடியரசு! பிரபு வர்க்கத்தை ஷ்லாஹ்தா என்பார்கள். மக்கள்தொகையில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பேர். ஐரோப்பாவில் வேறெங்கும் இவ்வளவு பேருக்கு அரசியல் உரிமை இருந்தது அபூர்வம். போலிஷ் பேசுகிறவன், லிதுவேனியன், ருத்தேனியன் (இன்றைய உக்ரைன், பெலாரஸ் பக்கத்தவன்) எல்லோரும் அந்தப் பிரபு வர்க்கத்துக்குள் ‘போலந்து தேசம்’. தேசம் என்பது மொழியோ ரத்தமோ இல்லை, உரிமையில் பங்கு. வெளியே நின்ற குடியானவன் எந்த மொழி பேசினாலும் தேசம் இல்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தச் சுதந்திரமே பிறகு கழுத்தில் கயிறானது. ஓர் உறுப்பினர் எழுந்து ‘சம்மதமில்லை’ என்றால் சபையே கலையும். 1652இல் சிச்சின்ஸ்கி என்பவர் தொடங்கிவைத்த வழக்கம் அது. அண்டை அரசுகள் அந்த ஒருவரை விலைக்கு வாங்கினால் போதும். முதல் பங்கீட்டை ஒப்புக்கொள்ள 1773இல் சபை கூடியபோது ரெய்தான் என்ற உறுப்பினர் வாசலில் குறுக்கே விழுந்து மறித்தார். அந்தக் காட்சியை 1866இல் மத்தேய்கோ வரைந்த பெரிய ஓவியம் இந்தக் கோட்டையிலேயே இருக்கிறது. வலது மூலையில் சட்டை கிழிந்து மார்பைக் காட்டிக் கிடக்கிறார் ரெய்தான். மற்றவர்கள் பட்டும் பதக்கமுமாக நிற்கிறார்கள். படம் வந்தபோது போலந்துக்காரர்களே கோபப்பட்டார்களாம், நம் அசிங்கத்தை இப்படியா ஊருக்குக் காட்டுவது என்று.

அதே நேரத்தில் ரூசோவிடம் ஆலோசனை கேட்டார்கள் இந்தப் பிரபுக்கள். விழுங்குவதைத் தடுக்க முடியாவிட்டாலும் உங்களைச் செரிக்க முடியாதபடி செய்துகொள்ளுங்கள் என்ற பொருளில் அவர் எழுதினார். 123 வருடத்தை நினைத்தால் அந்த ஆலோசனை பலித்தது என்றே தோன்றுகிறது.

அடுத்த சுவரில் மே 3இன் ஓவியம். ஒற்றை ஆள் தடையை ஒழித்த சட்டம், நகரவாசிகளைச் சேர்த்துக்கொண்ட சட்டம். குடியானவனை ‘சட்டத்தின் பாதுகாப்பில்’ எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அதோடு நிறுத்திக்கொண்ட சட்டமும்கூட. பதினான்கு மாதம்தான் உயிரோடு இருந்தது. வலீட்ஸ்கி இதிலிருந்து, 1794இல் கொஷ்சூஷ்கோ ரஷ்யாவுக்கு எதிராக நடத்திய எழுச்சி வரையிலான இந்தக் கட்டத்துக்கென்று தனியாகவே ஒரு நூல் எழுதினார், 1989இல். நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது இது: நவீன தேசம் போலந்தில் மொழிப் பற்றிலிருந்து பிறக்கவில்லை, பிரபுக்களின் பழைய குடியரசு தன் கதவை ஒவ்வொரு படியாகக் கீழே திறந்ததில் பிறந்தது. கதவு முழுதும் திறப்பதற்குள் வீட்டையே பங்கு போட்டுவிட்டார்கள்.

கால் வலி. மலிவு விலை உணவகம் ஒன்றில் — ‘பால் கடை’ என்று பெயர், கம்யூனிஸ்ட் காலத்து மிச்சம் — உருளையும் தயிர்க்கட்டியும் வைத்த பியெரோகி சாப்பிட்டோம். நம் ஊர்க் கொழுக்கட்டைக்குக் காரம் போட மறந்ததுபோல இருந்தது.

ஏப்ரல் 30, வூச்

ரயில்நிலையத்தில் ‘லோட்ஸ்’ என்று டிக்கெட் கேட்டேன். அந்தப் பெண்மணி கார்த்தியைப் பார்த்தார். அவன் ‘வூச்’ என்றான். எழுத்துக்கூட்டிப் படித்தால் லோட்ஸ், வாயில் வந்தால் வூச். எல் மேல் ஒரு குறுக்குக்கோடு விழுந்தால் அது ‘வ’ ஆகிவிடும். பெயருக்குப் ‘படகு’ என்று அர்த்தம், ஆனால் படகு விடும்படி ஆறு எதுவும் கண்ணில் படவில்லை.

பருத்தி ஆலைகளால் வளர்ந்த ஊர். கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும்: செங்கல் புகைபோக்கி, ஆலை, ஆலைக்கு எதிரே முதலாளி மாளிகை. இப்போது ஒரு பெரிய ஆலை வணிக வளாகமாகிவிட்டது.

போரில் வார்சா மண்மேடானதால் படித்தவர்கள் பலர் இங்கே ஒதுங்கினார்கள். 1945இல் பல்கலைக்கழகம் தொடங்கியது. ஒதுங்கியவர்களில் ஒருவர் செர்கேய் ஹெஸ்ஸென். ரஷ்யத் தத்துவவாதி, புரட்சிக்குப்பின் வெளியேறிப் பிராக், வார்சா என்று அலைந்து கடைசியில் வூச்சுக்கு வந்து 1950இல் இங்கேயே இறந்தவர். வலீட்ஸ்கி என்ற பையனுக்கு ரஷ்யச் சிந்தனையின் கதவைத் திறந்தது இவர்தான்.

அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. பையனின் அப்பா மிஹாவ் வலீட்ஸ்கி பேர்பெற்ற கலை வரலாற்றாசிரியர். போர்க்காலத்தில் ஜெர்மானியருக்கு எதிரான தலைமறைவுப் படையில் இருந்தவர். அந்தக் ‘குற்றத்துக்காக’ 1949இல் புதிய அரசு அவரைக் கைது செய்து சிறையில் போட்டது. மகன் அதே ஆண்டில் இங்கே ரஷ்ய மொழி இலக்கியம் படிக்கச் சேர்ந்தான். பிறகு வார்சாவுக்கு மாறினான். சிறைக்கைதியின் மகனுக்குத் தத்துவத் துறையில் எதிர்காலம் இருந்திருக்காது. ரஷ்ய மொழித் துறையைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது.

பியோத்ர்கோவ்ஸ்கா தெருவில் நாலு கிலோமீட்டர் நடந்தபடி இதையேதான் யோசித்தேன். அப்பாவைச் சிறையில் வைத்தது மாஸ்கோவின் நிழலில் நின்ற அரசு. மகனுக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுத்தவர் அதே மாஸ்கோவால் வீடிழந்த ரஷ்யர். ரஷ்யா என்றால் ஜார் அல்லது கமிஸார் என்று நினைக்க இந்தப் பையனால் இனி முடியுமா? முதல் நாள் சொன்ன உறுத்தலுக்குப் பாதி விடை இந்த ஊரில் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். 1964இல் ஸ்லாவ் பற்றாளர்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலில் அவர்களுடைய கனவைப் ‘பழமைவாதக் கற்பனை உலகம்’ என்று பெயரிட்டார். அதில் ஏளனம் இல்லை, வழிபாடும் இல்லை. அது 1975இல் ஆங்கிலத்தில் வந்தபோதுதான் உலகம் அவரை அறிந்தது. அதற்கு முன்பே, 1960இல் ஆக்ஸ்ஃபோர்டில் கருத்து வரலாற்றாசிரியர் ஐசையா பெர்லினைச் சந்தித்திருந்தார்; ரீகாவில் பிறந்து ரஷ்யப் புரட்சியைச் சிறுவனாகப் பார்த்த அவரோடு பல பத்தாண்டுகள் கடிதப் போக்குவரத்து.

திரும்பும் ரயிலில் தூங்கிவிட்டேன்.

மே 1, கிராகூவ்

என் முட்டாள்தனம்: கிராகூவில் நூலகத்தில் ஒரு நாள் உட்காரலாம் என்று திட்டமிட்டிருந்தேன். மே 1 விடுமுறை, மே 3 விடுமுறை, நடுவில் ஒரு நாளைச் சேர்த்துப் போலந்தே சுற்றுலா கிளம்பிவிடுகிறது. நூலகம் பூட்டியிருந்தது. கார்த்தி வாய்விட்டுச் சிரித்தான். “நம்ம ஊர்ல பொங்கலுக்கு வந்து ஆபீஸ் திறந்திருக்கான்னு கேட்ட மாதிரி இருக்கு மாமா.”

அதனால் வெளியே சுற்றினோம். 1364இல் தொடங்கிய பல்கலைக்கழகம். 1414இல் தொடங்கிய கான்ஸ்டன்ஸ் திருச்சபை மாநாட்டுக்குப் போனார் இதன் தலைவராயிருந்த பவுலுஸ் விளாதிமிரி. சிலுவைச் சின்னம் சுமந்த ஜெர்மானிய வீரத்துறவிகளின் சங்கம், புறச்சமயத்தார் நிலத்தைப் பிடிப்பது தெய்வ காரியம் என்று வாதாடிக்கொண்டிருந்தது. இவர் எழுந்து, கிறிஸ்தவரல்லாதவருக்கும் தம் நிலத்திலும் தம் அரசிலும் உரிமை உண்டு, மதம் மாற்ற வாள் கூடாது என்றார். கொலம்பஸ் பிறப்பதற்கு முன்னால். இந்தப் பெயரை ஒரு பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. நானும் யாருக்கும் நடத்தியதில்லை.

சந்தைச் சதுக்கத்தில் தரையில் ஒரு கல். 1794 மார்ச் 24இல் கொஷ்சூஷ்கோ எழுச்சிக்கான உறுதிமொழி எடுத்த இடம். ஆறு வாரத்தில், மே 7இல், பொவானியெட்ஸ் என்ற ஊரிலிருந்து குடியானவனுக்கு உடல் விடுதலை தரும் ஆணை வந்தது. அரிவாளைக் கட்டையில் நேராக்கி ஈட்டியாகப் பிடித்த குடியானவர்கள் அந்தப் படையில் இருந்தார்கள். பெரெக் யோசெலெவிச் என்பவர் யூதக் குதிரைப்படை ஒன்றைத் திரட்டினார். கோட்டையில் சொன்னேனே கதவு என்று, அது இன்னும் ஒரு படி கீழே திறந்த நேரம். கல்லின்மேல் ஒரு குழந்தை ஐஸ்கிரீமோடு குதித்துக்கொண்டிருந்தது.

இதே கிராகூவ் பிறகு நேர்மாறாகப் பேசியது. 1863 எழுச்சியும் தோற்றுப் பிணம் விழுந்தபின், 1869இல் சில பழமைவாதிகள் அரசவைக் கோமாளி ஸ்தாஞ்சிக் பெயரில் நையாண்டிக் கட்டுரைகள் எழுதினார்கள். அன்று ஒற்றை ஆள் தடை நாட்டைக் கெடுத்தது, இன்று ஒவ்வொருவனும் தனக்குத் தோன்றியபடி சதி செய்து எழுச்சி நடத்துவது கெடுக்கிறது என்று கிண்டல். அந்த வழியில் வந்த வரலாற்றாசிரியர் போப்ஷின்ஸ்கி 1879இல் இன்னும் பச்சையாகச் சொன்னார்: நம்மை அழித்தது அண்டை நாடு மட்டுமல்ல, வலுவான அரசை உருவாக்கத் தெரியாத நாமும்தான். அவரை எத்தனை பேர் திட்டியிருப்பார்கள்!

மே 2, கிராகூவ்

காலையில் கொஷ்சூஷ்கோ மண்மேடு ஏறினோம். 1820களில் மக்கள் கூடி மண் சுமந்து கொட்டியது, அவர் போரிட்ட களங்களிலிருந்து எடுத்துவந்த மண்ணும் அதில் உண்டு. மழை. எதுவும் தெரியவில்லை. முட்டி இன்னும் திட்டுகிறது. மாலை ரயிலில் வார்சா.

மே 3, வார்சா

கோட்டைச் சதுக்கம் முழுக்க வெள்ளை சிவப்புக் கொடி. கம்யூனிஸ்ட் ஆட்சி இந்த விழாவை அடக்கி வைத்திருந்தது; 1946இல் கிராகூவ் மாணவர்கள் கொண்டாடியதற்கே அடி வாங்கினார்கள். 1990இல்தான் தேசிய விழாவாகத் திரும்பி வந்தது. கூட்டத்தில் ஓரிரு உக்ரைன் கொடிகளும் தெரிந்தன.

கூட்டம் கலைந்ததும் கார்த்தியை ஒரு நடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். வலீட்ஸ்கியின் கட்டுரை ஒன்றில் போலந்துத் தேசபக்தி மூன்று வகையாகப் பிரிகிறது. தேசத்தின் விருப்பத்துக்கு விசுவாசம்: மக்கள் தாமே தம்மை ஆள வேண்டும், மற்றதெல்லாம் பிறகு, இது பழைய குடியரசின் பிள்ளை. தேசத்தின் இலட்சியத்துக்கு விசுவாசம்: நாடு என்பது உலகுக்கு ஒரு பணி, துன்பப்பட்டாவது அதை நிறைவேற்று, இது மித்ஸ்கியேவிச்சின் வழி, போலந்தே தேசங்களின் கிறிஸ்து என்ற வழி. மூன்றாவது தேசத்தின் நலனுக்கு விசுவாசம்: உணர்ச்சியை விடு, பலத்தைக் கணக்குப் பார், ஜெயிக்க முடியாத எழுச்சியில் பிள்ளைகளைக் கொல்லாதே. இந்த மூன்றாவதுதான் தேசியவாத அரசியல் தலைவர் ரோமன் டிமோவ்ஸ்கியின் வழி.

கோட்டை முதல் வகை. சற்றுத் தள்ளி மித்ஸ்கியேவிச் இரண்டாவது. மூன்றாவதுக்கு உயாஸ்டோவ்ஸ்கி சாலை வரை நடக்க வேண்டியிருந்தது. 2006இல் வைத்த டிமோவ்ஸ்கி சிலை. அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் சொச்சத்தில் பெல்வெடெர் பக்கம் அவருடைய பரம எதிரி, 1918இல் சுதந்திரம் பெற்ற போலந்தின் தலைவர் பிவ்சுட்ஸ்கி நிற்கிறார். உயிரோடிருந்தபோதும் ஒரே சாலையில் எதிரெதிராகவே நடந்தவர்கள்.

டிமோவ்ஸ்கி சிலைக்கு முன்னால் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கணக்குப் போடத் தெரிந்த மனிதர். 1919 வெர்சாய் ஒப்பந்தத்தில் போலந்துக்காகக் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். ஆனால் அவர் கையில் தேசம் மொழியாகவும் ரத்தமாகவும் சுருங்கிப்போனது. யூதர் மீதான வெறுப்பை அவர் அரசியலின் ஆணிவேராகவே வைத்தார். ஸ்டாஷிட்ஸும் கொஷ்சூஷ்கோவும் படிப்படியாகத் திறந்த கதவைச் சாத்தியவர் என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கு ஆசை. வலீட்ஸ்கி முடிக்க விடுவதில்லை. 2000இல் அவர் டிமோவ்ஸ்கியைப் பற்றி எழுதிய கட்டுரைத் தலைப்பிலேயே ‘தொல்லை தரும் மரபு’ என்கிறார். தொல்லை என்று சொல்லிவிட்டு, அதை உள்ளே இறங்கிப் பிரித்துப் பார்க்கிறார். வீண் எழுச்சி வேண்டாம் என்ற விவேகத்தை அவருக்குப் பிடிக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் விஷத்தையும் பார்க்கிறார். ஸ்லாவ் பற்றாளர்களிடம் செய்த அதே வேலை, இந்தத் தடவை சொந்த வீட்டில்.

பெஞ்சில் ஒரு முதியவர் நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருந்தார். என் கையிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். கார்த்தி மொழிபெயர்த்தான். “வலீட்ஸ்கியா? நான் சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தில் இருந்தேன். நாங்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தபோது இவர் ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு எங்களுக்குப் புத்தி சொன்னார்.”

பாதி உண்மைதான். 1981இல் அவர் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த ஆண்டு டிசம்பர் 13இல் இங்கே ராணுவச் சட்டம் வந்தது. 1986இல் அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகம். 1999 வரை அங்கே வரலாற்றுப் பேராசிரியர். 1998இல் பால்சான் பரிசு. போலந்து 1956க்குப் பிறகு முழுச் சர்வாதிகார நாடாக இல்லை, படிப்படியாகத் தளர்ந்துகொண்டே வந்தது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சிறை போய் வந்தவர்களுக்கு அதைக் கேட்க எப்படியிருந்திருக்கும்? கடைசிக் காலத்தில் ரஷ்யாவை இவ்வளவு வெறுக்காதீர்கள் என்று எழுதினார். 2019இல் வந்த நூலின் பெயரே ‘ரஷ்யாவைப் பற்றி வேறு விதமாக’. 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்ததைப் பார்க்க அவர் இல்லை. அந்தப் பக்கங்களை இன்று படிக்கையில், கோட்டைச் சதுக்கத்தில் அந்த நீல மஞ்சள் உக்ரைன் கொடிகளைப் பார்த்த பிறகு, என்னால் அவரோடு முழுக்கப் போக முடியவில்லை. புரிந்துகொள்வது வேறு, பொறுத்துக்கொள்வது வேறு என்று அவரே நூறு இடத்தில் காட்டிய கோடு கடைசியில் அவர் கையிலேயே கொஞ்சம் அழிந்துபோனதோ என்று சந்தேகம். சரி, நாய்க்குட்டிக்காரரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. “நல்ல மொழி நடை” என்று அவரே எழுந்து போகும்போது சேர்த்துக்கொண்டார்.

பேருந்து விழாவுக்காக வழி மாறியிருந்தது. காத்திருக்கும்போது கார்த்தி சும்மா இருக்கவில்லை. இங்கே குடியுரிமை என்பதற்கு ஒரு சொல்லும், ‘நரோடோவோஷ்ச்’ என்று தேசிய இனத்துக்கு இன்னொரு சொல்லும் இருக்கிறதாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டாவதைத் தனியாகக் கேட்கிறார்கள்.

“மாமா, ஒருவேளை நான் பின்னால இங்கயே குடியுரிமை வாங்கினா, அந்த ரெண்டாவது கட்டத்துல என்ன போடறது?”

“அவங்க அரசியலமைப்புச் சட்டத்துல பாரு. 1997ல எழுதினது. முன்னுரைல.”

போனில் தேடினான். போலிஷில் முதலில் முணுமுணுத்துவிட்டுத் தமிழில் சொன்னான். “‘நாங்கள், போலந்து தேசம், குடியரசின் குடிமக்கள் அனைவரும்’... அப்ப எல்லாருமேதானா?”

“அது கோட்டைக்காரங்க எழுதின மாதிரி இருக்கு” என்றேன்.

“அப்ப கணக்கெடுப்புப் படிவம்?”

திரும்பிச் சிலையைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். பேருந்து வருகிற மாதிரி இல்லை. நடக்க ஆரம்பித்தோம், அவன் ரசம் வைப்பதாகச் சொல்லியிருந்தான்.